ரெப்ளிகாவை ஐபி பார்த்து நம்பலாமா?

இரவுப்பணி: பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஓப்பன்எல்டாப் சர்வர்கள் இரண்டு. மெயின் 10.20.1.5, அதன் நகலான ரெப்ளிகா 10.20.1.6. நகலெடுக்க ரெப்ளிகா பயன்படுத்தும் கணக்குக்கு பாஸ்வேர்டு ஹேஷ் (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) உட்பட எல்லாவற்றையும் படிக்கும் உரிமை உண்டு. அந்தக் கணக்கு 10.20.1.6-இலிருந்து வந்தால் மட்டும் அனுமதி என்று ஏசிஎல்லில் (யார் எதைப் படிக்கலாம் என்ற அனுமதிப் பட்டியல்) பியர்நேம் (இணைப்பு வரும் முகவரி) நிபந்தனை போட்டிருக்கிறேன். போதுமா?

திண்ணைக்காரன்: தாராளமாகப் போதும் தம்பி. ஒரே வரியில் கணக்கும் முகவரியும் இருந்தால் இரண்டும் பொருந்தினால்தான் திறக்கும். பாஸ்வேர்டு கசிந்தாலும் வேறு மெஷினிலிருந்து எடுக்க முடியாது. இதை ஃபயர்வாலில் செய்ய முடியாது. சாதாரண லாகினும் அதே 636 போர்ட்டில்தானே வருகிறது.

சாவிக்கொத்து: அண்ணே, விலாசம் வேறு, ஆள் வேறு. முன்பு நான் இருந்த இடத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நெட்வொர்க் டீம் என்ஏடி (அனுப்புபவரின் முகவரியை மாற்றி அனுப்பும் ஏற்பாடு) போட்டார்கள். ரெப்ளிகா கேட்வே முகவரியில் வர ஆரம்பித்தது. இணைப்பு ஏறுகிறது, பைண்டும் (கணக்கு லாகின்) ஆகிறது, மானிட்டரில் எல்லாம் பச்சை. படிக்க உரிமை இல்லாத பதிவு சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு லாகின் ஆகவில்லை என்று போன் வந்த பிறகுதான் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, அவசரத்தில் ஒருவர் கேட்வே முகவரியையே ஏசிஎல்லில் சேர்த்தார். அப்புறம் அந்தக் கட்டடம் முழுக்க 'நம்பகமான' முகவரிதான்! ரெப்ளிகாவுக்கு டிஎல்எஸ் கிளையன்ட் சர்டிஃபிகேட் (அடையாளச் சான்று) கொடுத்து, அதையே அடையாளமாக ஏற்கும் சாஸல் எக்ஸ்டர்னல் முறையில் பைண்ட் பண்ணினால் பாஸ்வேர்டே வேண்டாம்.

திண்ணைக்காரன்: சர்டிஃபிகேட் காலாவதியானால் நடுராத்திரி எழுந்து யார் புதுப்பிப்பது? நீங்களா? டிசிபியில் வெளியாள் முகவரியைப் பொய்யாகப் போட்டாலும், பதில் நிஜ முகவரிக்குத்தானே போகும்.

சாவிக்கொத்து: வெளியாளுக்கு, சரி. அதே சப்நெட்டில் ஏஆர்பி-யை (எந்த ஐபி எந்த மெஷினுடையது என்று கண்டறியும் முறை) ஏமாற்றுகிறவனுக்கு அது பொருந்தாது. புதுப்பிப்பதை ஸ்கிரிப்டில் போடலாம் அண்ணே.

மோர்க்குழம்பு: சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். இரவுப்பணி, பியர்நேமை முகவரியாகவே ஒப்பிடும் ஐபி ஸ்டைலில் எழுதினீர்களா, எழுத்து வடிவத்தை ஒப்பிடும் ரீஜெக்ஸா? ரீஜெக்ஸ் என்றால் ஸ்லாப்டி (ஓப்பன்எல்டாப்பின் சர்வர் நிரல்) ஒப்பிடுவது முகவரி, கோலன், போர்ட் எண் எல்லாம் சேர்ந்த சரத்தை. கோலன் வைக்காமல் 6-இல் முடித்திருந்தால் 10.20.1.60 முதல் 69 வரை எல்லாமே பொருந்தும்.

இரவுப்பணி: ஐயோ, ரீஜெக்ஸ்தான், கோலன் இல்லை. 10.20.1.64 எங்கள் பிரிண்ட் சர்வர்! இப்போதே ஐபி ஸ்டைலுக்கு மாற்றிவிட்டேன். சர்டிஃபிகேட்டை முதலில் டெஸ்ட் சர்வரில் போட்டுப் பார்க்கிறேன்.

திண்ணைக்காரன்: போடுங்கள். ஆனால் ஐபி வரியை எடுத்துவிடாதீர்கள்.