தொழிலாளியே முதலாளி ஆனபின் தொழிற்சங்கம் எதற்கு?

கணக்கர்_கோவை
கேரளத்தின் பீடித் தொழிலாளர் கூட்டுறவான கண்ணூர் தினேஷ் பீடியைத் தொழிற்சங்கத்தின் வெற்றி என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. அங்கே தொழிலாளியே பங்குதாரர். வாக்களித்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. பிறகு கொடி பிடிப்பது யாரை எதிர்த்து? வேலைநிறுத்தம் செய்தால் தன் கடைக்குத் தானே பூட்டுப் போடுகிறார்.

சுளகு
ஐயா, கதையைப் பாதியிலிருந்து தொடங்குகிறீர்கள். விடுப்புச் சம்பளம் போன்ற உரிமைகளைத் தந்த 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டத்தை 1968இல் கேரளம் நடைமுறைப்படுத்தியதும் மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பட்டறைகளை இழுத்து மூடினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். 1969 பிப்ரவரியில்தான் தினேஷ் பிறந்தது. இடைப்பட்ட மாதங்களில் அவர்களைச் சிதறாமல் காத்தது யார்? அந்தப் பட்டறைகளில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். அப்படி வளர்ந்த ஒற்றுமையைக் கூட்டுறவுத் துறையில் மனுப் போட்டு வாங்க முடியுமா?

என் அம்மா மேலப்பாளையத்தில் பீடி சுற்றினார். 1000 பீடிக்குக் கொடுக்கும் இலை 1000 பீடிக்குப் போதாது. மீதி இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கழிவு என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலியும் கிடையாது, அந்தப் பீடியும் வீடு திரும்பாது. தினேஷில் வைப்பு நிதி, விடுப்புச் சம்பளம் எல்லாம் கொடுத்தார்கள். சட்டம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

கணக்கர்_கோவை
தொடங்கி வைத்தது சங்கம்தான், ஏற்கிறேன். நடத்துவது வேறு வேலை. வெளியே ஒப்பந்தக்காரர் குறைந்த கூலிக்குச் சுற்றி வாங்கும்போது, கூடுதல் கூலி கொடுக்கும் கூட்டுறவு விலையில் எப்படி நிற்கும்? பீடி விற்பனை சரிந்ததும் தினேஷ் குடைக்கும் உணவுப் பொருளுக்கும் ஆடைக்கும் போக வேண்டி வந்தது.

தறிக்குழி
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஈரோட்டுப் பக்கம் நெசவாளர் வீட்டில் 'சங்கம்' என்றால் கூட்டுறவு, மில் தொழிலாளி வீட்டில் தொழிற்சங்கம். நீங்கள் இருவரும் இரண்டையும் குழப்புகிறீர்கள். அப்பா ஒரு கைத்தறிச் சங்கத்தில் உறுப்பினர். நூல் எடை குறைகிறது என்று கேட்டதற்கு, "நம்ம சங்கத்தையே சந்தேகப்படலாமா?" என்று வாயை அடைத்தார்கள். பங்குப் பத்திரம் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அவருக்காகப் பேசத்தான் ஆள் இல்லை.

தொழிலாளர் கூட்டுறவுகளுக்குப் பேர்போன ஸ்பெயின் மொந்த்ராகோனிலும் இதே கதைதான். 1974இல் உல்கோர் ஆலையில் வேலைகளைத் தரம் பிரித்த முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்ற 17 பேரை அந்தக் கூட்டுறவே வெளியேற்றியது.

சுளகு
இது எனக்கும் உறைக்கிறது. தினேஷில் சங்கத் தலைவர்களே நிர்வாகக் குழுவிலும் உட்கார்ந்தார்கள். அதை இத்தனை நாள் பெருமையாகத்தான் சொல்லி வந்தேன். குழுவில் இருப்பவரும் கூலி பேசுபவரும் வெவ்வேறு ஆளாக இருக்க வேண்டும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேசுகிறவர் வேண்டும்.

கணக்கர்_கோவை
எடை குறைந்தால் தணிக்கை இருக்கிறதே, சகோதரரே.

தறிக்குழி
தணிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தார். நூல் மாதந்தோறும் வந்தது.