பொம்பளை வேஷம் கட்டி ஸ்டாண்டப் காமெடி, இதையே தொழிலா வச்சுக்க முடியுமா?

காரைக்குடி தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். பி.காம் முடிச்சிட்டு இங்கேயே ஒரு கடைல கணக்கு எழுதுறேன். காலேஜ் படிக்கும்போது விழாவுல ஆச்சி வேஷம் கட்டி தனியா நின்னு பேசுவேன், கண்டாங்கி சேலை, பின்கொசுவம், கழுத்துல அட்டைல செஞ்ச கழுத்திரு, செட்டிநாட்டுக் கல்யாண நகை. பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுக்கு எந்தப் பங்காளிகிட்ட சாவி இருக்குன்னு ஒரு ஆச்சி ஊர் ஊரா போன் போட்டு விசாரிக்கிறதுதான் கதை, நல்லா சிரிச்சாங்க. அப்புறம்தான் அமெரிக்க காமெடியன் பியான்கா டெல் ரியோ வீடியோ பார்த்தேன், பொம்பளை வேஷத்துல மைக்கோட நின்னு ஒரு மணி நேரம் பேசியே அரங்கத்தை கட்டிப்போடுறாரு, அதுதான் அவருக்கு முழுநேரத் தொழிலே. நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு இது நடக்குமா? அப்பத்தாவுக்குத் தெரியும், அப்பாகிட்ட இன்னும் சொல்லல.

துணிக்கடை அண்ணன்:
தம்பி, பியான்காவோட மேடையை மட்டும் பார்க்காதே, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னும் பாரு. அவரோட சொந்தப் பேரு ராய் ஹேலாக், 1975ல லூசியானாவுல பிறந்தவர். அடிப்படைல நாடகத்துக்கு உடை தைக்கிற ஆளு. நியூ ஆர்லியன்ஸ்ல நாடக கம்பெனிகளுக்கு டிசைன் பண்ணிக்கிட்டே ராத்திரி கிளப்ல வேஷம் கட்டினாரு, கத்ரீனா புயலுக்கு அப்புறம் நியூயார்க் போய் அங்கேயும் பகல்ல தையல், ராத்திரி மேடை. டிராக்னு சொல்ற இந்த மாதிரி வேஷக் கலைஞர்களுக்கான அமெரிக்க டிவி போட்டி ரூபால் டிராக் ரேஸ், அதோட ஆறாவது சீசன்ல ஜெயிச்சது 2014ல, அப்ப வயசு 38. லண்டன் வெம்ப்ளி அரீனால தன் பேர்ல ஷோ போட்டது 2019ல, அதைச் செஞ்ச முதல் டிராக் கலைஞர் அவர்தான். டிவில வர்றதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் குடிச்சிட்டு கத்துற கூட்டத்து முன்னாடி நின்னு பதில் சொல்லிப் பழகியிருக்காருன்னு யோசி, அந்த வேகம் அங்கதான் வந்துச்சு. கையில தையல் இருந்ததால வாய்ப்பு இல்லாத மாசத்துலயும் சோறு இருந்துச்சு. நீ கணக்கு வேலையை இப்ப விடாதே, ஜாக்கெட் தைக்க மட்டும் கத்துக்க. கண்டாங்கி நல்ல தேர்வு, பெரிய கட்டமும் பளிச்சுனு கரையும் கடைசி வரிசைக்கும் தெரியும், 2019ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு.

புதுக்கோட்டை நாடகக் குடும்பம்:
இது ஏதோ அமெரிக்கால முளைச்சதுன்னு நினைக்க வேண்டாம். எங்க வீட்ல ரெண்டு தலைமுறையா ஸ்பெஷல் நாடகம், அதாவது திருவிழாவுல ராத்திரி முழுக்க நடக்கிற இசை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரைல பாய்ஸ் கம்பெனி ஆரம்பிச்சப்ப பொம்பளை வேஷமெல்லாம் பையன்கள்தான் கட்டினாங்க, அங்க சின்னப் பிள்ளையா சேர்ந்த டி.கே.சண்முகம் பின்னாடி ஔவையார் வேஷம் கட்டி ஔவை சண்முகம்னே பேர் வாங்கினாரு. ஒரு ஆம்பளை கிழவி வேஷத்துல நின்னதை ஊரே கையெடுத்துக் கும்பிட்ட மண்ணு இது. இப்ப ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், பொம்பளைங்களே பண்றாங்க, அது நல்லதுதான். உனக்கு நான் சொல்றது அதுல காமெடி பண்ற பபூனைப் போய்ப் பாருன்னுதான். ஸ்பெஷல் நாடகத்துல ஒத்திகை கிடையாது, கதாநாயகனா வர்ற ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, அன்னைக்கு மேடைலதான் சந்திப்பாங்க, பபூன் அந்தந்த ஊர்ப் பேச்சைப் பிடிச்சு அங்கேயே பேசணும், விடிய விடிய கூட்டம் எந்திரிக்காம இருக்கணும். திருவிழா சீசன்ல நம்ம பக்கம் வள்ளி திருமணம் நாடகம் எங்க நடந்தாலும் முன்வரிசைல போய் உக்காரு, எந்த இடத்துல மூச்சு விடுறாங்கன்னு கவனி.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க தம்பி, கழுத்திருவை எடுத்திரு. நிறைய ஆச்சிமாருக்கு அது தாலி. பங்காளி சாவியைப் பத்திப் பேசு, கல்யாணத்துல சீர் சாமான் பரப்புறதைப் பத்திப் பேசு, எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்கு, இலை போடணும்ங்கிற சண்டையைப் பத்திப் பேசு, அதுல எல்லாரும் கூட சேர்ந்து சிரிப்பாங்க.

சென்னை மேடைக்காரி:
நான் சென்னைல ஓப்பன் மைக், அதாவது யார் வேணா பேர் கொடுத்து ஏறிப் பேசுற மேடை, பண்ற பொண்ணு. உண்மையைச் சொல்லணும்ல, நாலஞ்சு நிமிஷம் தருவாங்க, காசு கிடையாது. காசு வர்றது கம்பெனி விழா, தனி டிக்கெட் ஷோ, அப்புறம் யூடியூப் வழியா வர்ற அழைப்புல, அதுக்கு வருஷங்கள் ஆகும். பெங்களூர், மும்பைல டிராக் கலைஞர்கள் தொடர்ந்து மேடை ஏறுறாங்க, தமிழ்ல முழு நேரம் பேசுற ஆளு ரொம்ப ரொம்பக் குறைவு, உனக்கு இடம் இருக்கு.

பியான்காவோட திட்டுற பாணியை அப்படியே எடுத்துட்டு வராதே. அவர் முதல்ல தன்னைத்தான் கலாய்ச்சுக்குவாரு, டிக்கெட் வாங்கி வர்ற கூட்டத்துக்கும் என்ன கிடைக்கும்னு தெரியும். கோயில் மேடைக்கு முன்னாடி உக்காந்திருக்கிற அக்கா திட்டு வாங்க வரல. இன்னொன்னு, சேலை கட்டின ஆம்பளைங்கிறதே ஜோக்கா ஆயிடக் கூடாது. நம்ம சினிமா திருநங்கைகளை எத்தனை வருஷம் அப்படி அசிங்கப்படுத்துச்சு, அதைப் பார்த்து வளர்ந்த ஒரு பொண்ணு உன் ஷோவுக்கு வந்து உக்காந்தா அவளும் மனசு விட்டு சிரிக்கணும். உன் ஆச்சி புத்திசாலி, வாய்க்காரி, சிரிப்பு அங்கிருந்து வரட்டும்.

காரைக்குடி தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. கழுத்திருவை எடுத்துட்டேன், வெறும் பவழ மாலை போதும். வேஷம் கட்டினா நான் யாருன்னு வீட்ல கேப்பாங்களேன்னுதான் பயம்.

துணிக்கடை அண்ணன்:
வேஷம் கட்டுறது கலை, ஒருத்தர் யாருங்கிறது அவரோட சொந்த விஷயம், ரெண்டையும் சேர்த்துக் கேட்டா பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அப்பாகிட்ட வாயால சொல்றதை விட அப்பத்தாவை பக்கத்துல வச்சுக்கிட்டு அந்த சாவி கதையை நடிச்சுக் காட்டு.

சென்னை மேடைக்காரி:
மாலை போடுறதா இருந்தா காலர் மைக் வேண்டாம் தம்பி, மணி உரசி கரகரன்னு கேக்கும். கை மைக்கையே பிடிச்சுப் பழகு, முந்தானையை இடது தோள்ல நல்லா பின் குத்திட்டா வலது கை ஃப்ரீயா இருக்கும். சென்னை வர்றப்ப இங்கேயே எழுது, எந்த இடத்துல ஸ்லாட் கேக்கலாம்னு சொல்றேன்.