க்ளிக்கர் சத்தம் கேட்டா குட்டி கட்டிலுக்கு அடியில போயிடுறான், என்ன பண்ணலாம்?

கரிசக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல சிப்பிப்பாறை நாய்க்குட்டி ஒண்ணு இருக்கு, ஆண், நாலு மாசம் ஆகப்போகுது, பேரு செவலை. ரொம்ப சூட்டிகையான பய, என் பைக் சத்தம் தெருமுனையில கேட்டாலே கேட்டுக்கு வந்து நிப்பான். நாலு வித்தை கத்துக்குடுக்கலாம்னு ஆன்லைன்ல க்ளிக்கர் வாங்குனேன், அமுக்குனா உள்ள இருக்குற தகடு "டிக்-டக்"குனு அடிக்கும்ல, அந்த சின்னப் பெட்டிதான். மொத தடவ அமுக்குனதுமே காத பின்னாடி மடிச்சுக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிட்டான். இப்ப ஓரளவு பழகிட்டான், ஆனா "உக்காரு"ன்னா என் கையத்தான் பாக்குறான். கையில கறி இருந்தா பாதி குனிவான், அதுக்குள்ள எந்திரிச்சிருவான், கறி இல்லன்னா சும்மா பாத்துக்கிட்டு நிப்பான். க்ளிக்கர அமுக்கி கூப்பிட்டாலும் வர்றதில்ல. மூணாப்பு படிக்கிற என் மக அத எடுத்து நாள் முழுக்க அமுக்கிக்கிட்டே இருக்கா, அதனால இருக்குமோ? எங்க அப்பா "வேட்டை நாய்க்கு எதுக்குடா இதெல்லாம், ரெண்டு போடு போட்டா சொன்னபடி கேக்கும்"ங்குறாரு. எனக்கு அடிச்சு வளக்க மனசே இல்ல. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க.

வைகைக்கரை:
தம்பி, குட்டி மேல தப்பே இல்ல. க்ளிக்னா அவனுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கணும்: "இப்ப செஞ்ச பாரு, அதுதான், தீனி வருது". பாப்பா விளையாட்டுக்கு அமுக்கும்போது தீனி வரல, அதனால அந்த சத்தத்துக்கு இருந்த மதிப்பு போச்சு. கூப்பிடுறதுக்கும் அத அமுக்காதீங்க, கூப்பிட பேரு இருக்கு. தெரியாம கை பட்டு அமுங்கிட்டாலும் ஒரு துண்டு குடுத்துருங்க.

ரெண்டு நாளைக்கு வித்தையே வேணாம். க்ளிக், தீனி, க்ளிக், தீனி, ஒரு வேளைக்கு பதினஞ்சு தடவ போதும். அவன் வேற எங்கயாவது பாத்துக்கிட்டு இருக்கும்போது சத்தம் கேட்டு டக்குனு உங்க பக்கம் திரும்புனான்னா புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

அடுத்து உங்க கை. அமுக்கும்போதே இன்னொரு கை தீனிப்பைக்குப் போகுதான்னு யாரையாவது போன்ல வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்க. முக்கால்வாசி பேர் இதத்தான் செய்யிறோம், நானும் ஒரு வருசம் செஞ்சேன். நாய் சத்தத்த விட்டுட்டு கை அசையறதப் படிக்க ஆரம்பிச்சிரும். தீனிய கிண்ணத்துல போட்டு பின்னாடி மேசையில வைங்க, கை சும்மா தொங்கட்டும், மொதல்ல க்ளிக், சத்தம் முடிஞ்சப்புறம் கை நகரணும். அவன் எந்திரிக்கிற நேரத்துல நீங்க அமுக்குனா, எந்திரிச்சதுக்குத்தான் பரிசுன்னு எடுத்துக்குவான். நேரம் சரியா விழ, குட்டி இல்லாத ரூம்ல ஒரு பந்த தூக்கிப் போட்டு அது தரையத் தொடுற அந்த நொடில அமுக்கிப் பழகுங்க. லேசா தெரியும், செஞ்சு பாத்தா தெரியும் எவ்வளவு பிந்துறோம்னு.

தோட்டத்துவீடு:
ஏனுங்க, சிப்பிப்பாறைக்கு மொத வித்தையே உக்காருன்னு ஆரம்பிச்சா கஷ்டமுங்க. எங்ககிட்ட ரெண்டு இருந்துச்சு. நீளக்காலு, பின்னந்தொடையில அத்தன சதை, வெறுந்தரையில குத்த வைக்கிறது அதுங்களுக்கு சொகமாவே இருக்காதுங்க. டைல்ஸ்ல வழுக்கவும் செய்யும், சாக்கு ஒண்ணு விரிச்சுப் பாருங்க. நான் முதல்ல கத்துக்குடுக்கிறது மூக்கால உள்ளங்கையத் தொடுறதுதானுங்க. கைய அவன் மூஞ்சிக்குப் பக்கமா, ஒரு சாண் தள்ளி விரிச்சு வெச்சுட்டு பேசாம இருங்க. மோந்து பாக்க வருவான், ஈர மூக்கு பட்டதும் க்ளிக். ரெண்டு நாள்ல தானா வந்து முட்டுவான், அப்பறம்தான் "தொடு"ங்கற வார்த்தைய சேர்க்கோணும். வார்த்தைய முதல்லயே சொன்னா அது அவனுக்கு வெறும் சத்தமுங்க. கைய நகத்தி நகத்தியே சுத்த வெக்கலாம், காலுக்கு நடுவுல நுழைய வெக்கலாம், கூப்பிட்டா வர வெக்கலாம், எல்லாம் இந்த ஒண்ணுல இருந்து வந்துரும்.

சத்தத்துக்குப் பயந்தா க்ளிக்கர துண்டுல சுத்தி முதுகுக்குப் பின்னாடி வெச்சு அமுக்குங்க. இல்லீன்னா அமுக்கி எழுதுற பேனா போதும், அந்த மெல்லிசான டிக் நாய்க்கு நல்லாவே கேக்கும்.

அப்பறம் தீனி. வெறும் தண்ணியில வேக வெச்ச கோழி, எலும்பில்லாம, உப்பு மசாலா வெங்காயம் எதுவும் கூடாதுங்க, வெங்காயம் நாய்க்கு விஷம். திராட்சை, சாக்லேட்டும் அப்படித்தான். துண்டு பட்டாணி அளவு போதும். அத அன்னிக்கு சோத்துல கழிச்சுக்கோங்க. ஒரு தடவைக்கு மூணு நிமிசத்துக்கு மேல வேண்டாம், இந்த வயசுல பல்லு விழுந்து முளைக்கிற நேரம், கடிக்கோணும்னு துடிப்பாங்க, கவனம் நிக்காது.

பழையவன்:
அந்தக் காலத்துல நாங்க "சபாஷ்"னு தட்டிக் குடுத்தே வளத்தோம். பேனாவும் பெட்டியும் எதுக்குன்னு உண்மையிலயே தெரியல.

வைகைக்கரை:
அண்ணே, சபாஷும் வேலை செய்யும், ஒரே வார்த்தைய சுருக்கமா ஒரே மாதிரி சொன்னா. ஆனா நம்ம குரல் அலுப்புல ஒரு மாதிரி, கோவத்துல ஒரு மாதிரி வரும், நாள் முழுக்க காதுல விழுந்துக்கிட்டும் இருக்கும். க்ளிக் எப்பவும் ஒண்ணுதான். இது புதுசும் இல்லண்ணே, அமெரிக்காவுல ஸ்கின்னர்ங்கிற உளவியல் பேராசிரியர்கிட்ட படிச்ச ப்ரீலண்ட் தம்பதி 1940கள்லயே இந்த மாதிரி சத்தத்த வச்சு மிருகங்களப் பழக்கி, 1947ல அதுக்குன்னு கம்பெனியே ஆரம்பிச்சாங்க. 1960கள்ல ஹவாய்ல கேரன் ப்ரையர்னு ஒரு அம்மா டால்பினுக்கு விசில் வச்சு சொல்லிக்குடுத்தாங்க. டால்பின் அந்தரத்துல இருக்கும்போது அது வாயில மீனக் கொண்டு போய் வைக்க முடியாதுல்ல, அதனால சரியா குதிச்ச அந்த நொடில விசில், மீன் அப்புறம். 1990கள்ல நாய்க்காரங்ககிட்ட க்ளிக்கர் இந்த அளவு பரவுனதுக்கு அந்தம்மா பெரிய காரணம். இழுத்து, அதட்டி, அடிச்சு டால்பின பழக்க முடியாது, நீந்திப் போயிரும். தம்பியோட அப்பாகிட்ட இத சொல்லுங்க. அடி வாங்குன சிப்பிப்பாறை அவுத்து விட்டப்புறம் கூப்பிட்டா பக்கத்துல வராது, அந்த ஓட்டத்துக்கு நாம எங்க ஈடு குடுக்க?

மலர்க்கொடி:
ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். எங்க வீட்டுல இருக்குறது வெள்ளை ராஜபாளையம், அந்த இனத்துல காது கேக்காத குட்டி பிறக்குறது உண்டு, எங்களோடதும் அப்படித்தான். நாங்க க்ளிக்குக்கு பதிலா கட்டைவிரல தூக்கிக் காட்டுறோம், உடனே தீனி. அதே முறைதான், அழகா கத்துக்கிறா. அதனால கருவியப் பத்தி கவலைப்படாதீங்க அண்ணா.

கரிசக்காட்டான்:
பத்து நாள் ஆச்சு, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேனாவுக்கு மாறிட்டேன், கட்டிலுக்கு அடியில போறது நின்னுருச்சு. வீடியோ எடுத்துப் பாத்தா வைகைக்கரை அண்ணன் சொன்னதேதான், ஒவ்வொரு தடவையும் என் வலது கை முன்கூட்டியே போகுது. இப்ப நான் பேனா, மக கிண்ணம். டிக் கேட்டப்புறம்தான் அவ துண்ட எடுப்பா, ஒரு தடவ நான் மறந்து பேனாவுல எழுதப் போய் டிக்குனு கேட்டதும் அவளே ஓடிப்போய் குடுத்துட்டு வந்தா. மூணாவது நாள் சாயங்காலம் கைய விரிச்சேன், ஒரு நிமிசம் தலைய சாச்சு பாத்துட்டு, நாலு எட்டு நடந்து வந்து மூக்க நச்சுனு வச்சான், கையெல்லாம் ஈரம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இப்ப "தொடு"ன்னா வர்றான். ஆனா மொட்டமாடியில சொன்னா காதுலயே வாங்கல, அப்பா கைய நீட்டுனாலும் வரல.

தோட்டத்துவீடு:
அது அப்படித்தானுங்க, எடமோ ஆளோ மாறுனா அவனுக்கு அது புதுப்பாடம். மாடியில மறுபடியும் ஒரு சாண் தூரத்துல இருந்து, வார்த்தை இல்லாம ஆரம்பிங்க, சீக்கிரம் பிடிச்சுக்குவான். அப்பா கைய நீட்டட்டும், பேனா உங்ககிட்ட இருக்கட்டும், துண்ட மட்டும் அப்பாவே குடுக்கட்டுமுங்க.