வறட்சியில் மறுதாம்புக்கு உரம்: தடுப்பது வேரா, மண்ணா?

பாம்ப்ளமூஸ் கரும்புக்காரர்:
செப்டம்பரில் வெட்டிய கரும்பு வயலில், அடிக்கட்டையிலிருந்து மீண்டும் எழும் பயிரான மறுதாம்பு துளிர்க்கும் வேளையில், எங்கள் பாம்ப்ளமூஸ் இருக்கும் மொரீசியசின் வடபகுதியில் மழை அரிது. ஆயினும் வெட்டு முடிந்த கையோடு உரமிட வேண்டும் என்று இங்கே சிலர் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. மண் காய்ந்ததும் வேரில் அப்சிசிக் அமிலம் என்னும் வறட்சி ஹார்மோன் பெருகுகிறது. அதன் ஏவலால், வேரின் உள்ளடுக்கான அகத்தோலின் உயிரணுச் சுவர்களில் சூபரின் என்னும் மெழுகு போன்ற பொருள் படிந்து, நீர் வெளியே கசிவதையும் உப்புகள் உள்ளே புகுவதையும் ஒருங்கே குறைக்கிறது. வேரே வழியை அடைக்கும்போது உரத்தைக் கொட்டுவது வீண்செலவு.

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, பழியை வேரின் மேல் மட்டும் போடுகிறீர்கள். நைட்ரேட் பெரும்பாலும் நீரோட்டத்தோடு வேரை அடைகிறது. பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மண்துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தின் வழியே மெல்லப் பரவி வருகின்றன. மண் காயக் காய அந்தப் படலம் மெலிந்து, அறுபட்டு, பாதை சுற்றுப்பாதையாகிவிடுகிறது. ஆகவே வேரின் வாசலுக்கு வருவதற்கு முன்பே சத்து நின்றுவிடுகிறது. மறுதாம்பின் அடியைத் தோண்டிப் பாருங்கள்: மேல்மண்ணில் பழுப்பேறிய வேர்கள் இருக்கும், ஈரம் எஞ்சியுள்ள ஆழத்தில் வெள்ளை நுனிகள் காணப்படும். சூபரின் இன்னும் படியாத அந்த நுனிகள் அடிமண்ணின் நைட்ரேட்டை எடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

பாம்ப்ளமூஸ் கரும்புக்காரர்:
அம்மா, வேருக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட பொட்டாசியத்துக்கு உங்கள் விளக்கம் பொருந்தாதே. ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அரபிடாப்சிஸ் செடியின் வேரிலுள்ள ஸ்கோர் என்னும் புரதக் கால்வாய்தான், நீரை மேலேற்றும் குழாயான சைலத்துக்குள் பொட்டாசியத்தைச் செலுத்துகிறது. அப்சிசிக் அமிலம் கூடினால் அந்தக் கால்வாயின் உற்பத்தி குறைகிறது என்று 1998 இலேயே காட்டியிருக்கிறார்கள். இலைக்குப் போகவேண்டியதை வேர் தன்னிடம் நிறுத்தி, தன் உயிரணுக்களின் விறைப்பைக் காத்துக்கொள்கிறது. இது மண்ணின் செயலன்று.

தாவரவியல் ஆசிரியை:
அந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். வேர் நிறுத்தி வைக்க வேண்டுமானால், வறட்சிக்கு முன்பே அதனிடம் பொட்டாசியம் இருந்தாக வேண்டும். இலைத்துளைகள் திறந்து மூடுவதற்கும் அதுவே வேண்டும். சூபரினும் ஒருமுறை எழுப்பி விட்டுவிடும் மதிலன்று: பொட்டாசியம் குறைந்தால் அது கூடுவதையும், இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு குறைந்தால் எத்திலீன் என்னும் இன்னொரு ஹார்மோனின் தூண்டுதலால் குறைவதையும் 2016 இல் அதே செடியில் கண்டார்கள். ஆகவே பொட்டாசிய உரமான பொட்டாஷை ஈரம் உள்ளபோதே இட்டுவிடுங்கள்.

பாம்ப்ளமூஸ் கரும்புக்காரர்:
பொட்டாஷுக்கு அது சரி. யூரியாவுக்குப் பொருந்தாது; காய்ந்த கரும்பு இலையான சோகைமேல் வீசினால் பனியீரத்திலேயே கரைந்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். சொட்டுநீர் உள்ளவர்கள் நீரோடு சிறுகச் சிறுகக் கொடுக்கட்டும். மழையை நம்பும் எங்களைப் போன்றவர்கள் யூரியாவுக்கு மழை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.