ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்கிறது, மஞ்சள் எச்சரிக்கை வேறு. சரிசெய்வதா, மாற்றுவதா?

இரவுப்பூனை:
வணக்கம். மேசைக் கணினியில் இரண்டு டிஸ்க் இருக்கிறது. விண்டோஸ் ஒரு சின்ன எஸ்எஸ்டியில், டேட்டா எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்கில் (டி டிரைவ்). அதற்கு வயது ஆறு.

இரண்டு வாரமாக கணினி ஆன் ஆகவே பத்து நிமிடம் எடுக்கிறது. டி டிரைவில் சில போல்டரைத் திறந்தால் எல்லாம் உறைந்துபோய், ஒரு நிமிடம் கழித்து உயிர் வருகிறது. நேற்றிலிருந்து நடுநடுவே 'டிக்... டிக்' என்று ஒரு சத்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்கின் நிலையைக் காட்டும் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. 05 என்ற வரிசையில் 68, சி5 வரிசையில் 18.

ஒரு ரிப்பேர்காரர், "ஃபார்மட் போட்டால் பேட் செக்டார் (டிஸ்கில் கெட்டுப்போன சிறு இடங்கள்) எல்லாம் போய்விடும், சரிசெய்து தருகிறேன்" என்கிறார். இன்னொருவர் தூக்கிப் போடச் சொல்கிறார். டிஸ்கில் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், தாத்தாவின் கையெழுத்து நோட்டுகளின் ஸ்கேன், கொஞ்சம் கணக்கு வழக்கு இருக்கிறது. பேக்கப் இல்லை (திட்டுங்கள், பரவாயில்லை). எதைச் செய்வது? இப்போது விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கருவி, செக்டிஸ்க், ஓடிக்கொண்டிருக்கிறது, ஐந்து மணி நேரமாக 37 சதவீதத்தில் நிற்கிறது.

சாலிடர்புகை:
முதலில் அந்த செக்டிஸ்கை நிறுத்துங்கள். கறுப்பு ஜன்னலில் ஓடுகிறதென்றால் கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்துங்கள். நிறுத்திவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

இரவுப்பூனை:
நிறுத்திவிட்டேன் சார். ஆனால் ஏன்? அது சரிசெய்யத்தானே?

சாலிடர்புகை:
சரிசெய்யத்தான், ஆனால் உங்கள் படங்களை அல்ல. அதற்கு வேண்டியது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு நேராவது. படிக்க முடியாத இடம் வந்தால் மறுபடி மறுபடி முட்டிப் பார்க்கும், முடியாவிட்டால் அந்த இடத்தைக் கெட்டது என்று குறித்துவிட்டுப் போகும். அங்கே இருந்த ஃபைலில் ஓட்டை விழும். நல்ல டிஸ்கில் கணக்கு குழம்பியிருந்தால் செக்டிஸ்க் நல்ல மருந்து. சாகக் கிடக்கும் டிஸ்கை ஐந்து மணி நேரம் ஓடவிடுவது, மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல.

உங்கள் எண்களைப் பார்ப்போம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அமைப்பை மாற்றாமல் விட்டால் அந்த எண்களைப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில்) காட்டும். அப்படியானால் 68 என்பது 104, 18 என்பது 24.

05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு, தன்னிடமுள்ள உதிரி இடத்துக்கு மாற்றிய செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும், இன்னும் முடிவு எடுக்காத செக்டார்கள். சி5-இல் உள்ள 24-தான் இப்போது உங்கள் தலைவலி. அங்கே ஏதோ ஒரு ஃபைலின் துண்டு மாட்டியிருக்கிறது.

சி7 வரிசையில் என்ன? மேலே 'பவர் ஆன்' மணிக்கணக்கு எவ்வளவு?

கேபிள்ராஜா:
ப்ரோ அவசரப்படாதீங்க. எனக்கும் இதே மாதிரிதான், உறையும், பத்து நிமிஷம் பூட் ஆகும். கடைசியில பார்த்தா சாட்டா கேபிள். புதுசு போட்டேன், இன்னிக்கு வரைக்கும் ஓடுது. டிஸ்கை மாத்துறதுக்கு முன்னாடி கேபிளை மாத்துங்க.

இரவுப்பூனை:
சி7 பூஜ்யம். மணிக்கணக்கு 31,240.

சாலிடர்புகை:
கேபிள்ராஜா சொல்வது பல பேருக்கு நடந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் கேபிளில் டேட்டா சிதைந்தால் அது சி7-இல் ஏறும். அந்த எண் ஏறினால் இறங்காது, பழைய கோளாறும் அதில் தெரியும். இவருக்கு அது பூஜ்யம். கேபிள் கெட்டால் 05 ஏறவும் செய்யாது, ஏனென்றால் அது டிஸ்குக்குள் சுழலும், டேட்டா எழுதப்படும் தட்டின் மேற்பரப்பைப் பற்றிய எண். மின் இணைப்பு தளர்ந்திருந்தால் டிஸ்க் நின்று நின்று சுழன்று டிக் சத்தம் வரலாம், அதனால் கணினியை அணைத்துவிட்டு பவர் ஒயரை மட்டும் ஒருமுறை அழுத்திச் செருகிப் பாருங்கள். அதற்கு மேல் கேபிளில் நேரம் போக்க வேண்டாம்.

31,240 மணி என்றால் நிற்காமல் மூன்றரை வருஷம் சுழன்றிருக்கிறது. நிறைய டிஸ்குகள் இதைத் தாண்டியும் ஓடும், வயது மட்டும் காரணமாகாது.

இன்னொன்று: அந்த டிஸ்கின் ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். விண்டோஸ் சட்டென்று வந்தால், பத்து நிமிடத் தாமதம் முழுக்க அந்த ஒரு டிஸ்கின் பதிலுக்குக் காத்திருந்த நேரம்.

இரவுப்பூனை:
கழற்றினேன். இருபது விநாடியில் வந்துவிட்டது! மறுபடி மாட்டி எண்களைப் பார்த்தேன். சி5 இப்போது 30.

பின்னக்கணக்கு:
30 என்றால் 48. காலையில் 24 இருந்தது, இரட்டிப்பு. இனி அந்த டிஸ்கை மாட்டினால் காப்பி எடுப்பதற்காக மட்டும் மாட்டுங்கள், எண் பார்ப்பதற்காக மாட்டாதீர்கள்.

கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் மேற்பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) வந்த டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாவதற்கான வாய்ப்பு, பிழை வராத டிஸ்கைவிட 39 மடங்கு என்று அதில் இருக்கிறது. அதே கட்டுரையில் எனக்குப் பயம் தந்த வேறொரு எண்: செத்த டிஸ்குகளில் 56 சதவீதம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் (05, சி5 போல டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் எண்கள்) எதிலுமே ஒரு சின்ன எச்சரிக்கைகூடக் காட்டாமல் செத்தவை. உங்கள் டிஸ்க் சொல்லிவிட்டுப் போகிற வகை. கொடுத்து வைத்தவர் நீங்கள்.

ஓரமாய்நிற்பவன்:
ஃப்ரீசர்ல நாலு மணி நேரம் வெச்சு எடுத்தா ஓடும்னு கேள்விப்பட்டிருக்கேன். இல்லன்னா அதே மாடல் டிஸ்க் ஒண்ணு வாங்கி பச்சை சர்க்யூட் போர்டை மாத்திட்டா?

சாலிடர்புகை:
ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் பூக்கும். படிக்கும் முனையான ஹெட், தட்டின் மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறப்பது. அந்த இடைவெளியில் ஒரு நீர்த்துளி என்பது ரன்வேயில் மலை நிற்பது போல.

போர்டு மாற்றுவதும் இங்கே பொருந்தாது. டிஸ்க் சுழலவே இல்லை, கருகிய வாசனை வந்தது என்றால் போர்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பழைய போர்டிலுள்ள சிறு ரோம் சிப்பை, படிக்க-மட்டும் வகை சிப்பைச் சொல்கிறேன், புதியதற்கு மாற்றிச் சாலிடர் செய்ய வேண்டும். ஒவ்வொரு டிஸ்குக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளந்து எழுதிய அளவுகள் அதில்தான் இருக்கும். மாடல் எண் ஒன்றாக இருந்தால் போதும் என்ற காலம் எப்போதோ போய்விட்டது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். அந்த ரிப்பேர்காரர் பொய் சொல்லவில்லை. டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதினால், தவித்துக்கொண்டிருந்த செக்டார்கள் மேல் புதிதாக எழுத்து விழும். தேறினால் தேறும், தேறாவிட்டால் உதிரி இடத்துக்கு மாறும். சி5 பூஜ்யமாகிவிடும். 'சரிசெய்தாச்சு' என்று கையில் தருவார். தட்டு ஆறவில்லை, எண் மட்டும் ஆறியது. உங்கள் படங்கள் அந்தப் பூஜ்யங்களுக்குக் கீழே போயிருக்கும்.

சில சமயம் இது உண்மையாகவே சரியாகும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ஓரிரு செக்டார் அரைகுறையாக நின்றிருந்தால், மேலே எழுதியதும் சி5 பூஜ்யமாகும், 05 அசையவே அசையாது. அந்த மாதிரி டிஸ்கை நானே இன்னும் வைத்திருக்கிறேன், சினிமா போட்டு வைக்க. உங்களுடையதில் 05 ஏற்கெனவே 104, சி5 ஒரே நாளில் இரட்டிப்பு, போதாக்குறைக்கு டிக் சத்தம். இது அந்த வகை இல்லை.

ஆக, டிஸ்க்: மாற்றுங்கள். ஆனால் இன்றைய வேலை மாற்றுவதோ சரிசெய்வதோ இல்லை. அது இன்னும் படிக்கிறது, அந்த மிச்சக் காலத்தை எதற்குச் செலவழிக்கிறீர்கள் என்பதுதான்.

இரவுப்பூனை:
புரிகிறது. புது 2 டிபி டிஸ்க் வாங்கிவிடுகிறேன். விண்டோஸில் இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால் போதுமா?

பின்னக்கணக்கு:
தாத்தா நோட்டு ஸ்கேன் மொத்தம் எவ்வளவு இருக்கும்? சில ஜிபி என்றால் அதை மட்டும் முதலில் சாதாரணமாகக் காப்பி செய்துவிடுங்கள். பிறகு முழு டிஸ்கையும் பாருங்கள்.

சாலிடர்புகை:
இங்கே பின்னக்கணக்கோடு எனக்கு வழக்கமான சண்டை உண்டு. ஃபைல் ஃபைலாக எடுத்தால் ஹெட் அங்கும் இங்கும் அலையும், விண்டோஸ் ஒரு கெட்ட இடத்தில் மாட்டினால் அங்கேயே தலையை மோதிக்கொண்டு நிற்கும். என் வழி: ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ, கெட்டுவரும் டிஸ்கை முழுசாகக் காப்பி எடுக்கும் மென்பொருள். முதல் ஓட்டத்தில் கெட்ட இடம் வந்தால் சண்டை போடாமல் தாண்டிப் போகும், நல்லதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். பிறகு திரும்பி வந்து விட்ட இடங்களை ஓரம் ஓரமாகச் சுரண்டும்.

பின்னக்கணக்கு:
அலையும்தான். ஆனால் 3 ஜிபிக்கு ஐந்து நிமிடம் அலைந்தால் போதும். முழு டிஸ்கை எடுக்கும்போது பாதியில் செத்தால், நோட்டு எந்தப் பாதியில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

சாலிடர்புகை:
சரி, இந்தமுறை நீங்கள். ஆனால் ஒரு ஃபைலில் உறைந்தால் காத்திருக்காதீர்கள், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

அதன் பிறகு லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) பூட் செய்யுங்கள். மூன்று விஷயத்தில் கவனம்.

பழைய டிஸ்க் எது, புதியது எது என்பதை சீரியல் எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள். லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம். கட்டளையில் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்கை உங்கள் படங்கள் மேல் எழுதிவிடும். நான் இதை ஒரு நண்பனுக்குச் செய்திருக்கிறேன், இப்போதும் தூக்கத்தில் வரும். கட்டளையை எழுதிவிட்டு, என்டர் தட்டும் முன் எழுந்துபோய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படியுங்கள்.

மேப் ஃபைல் என்று ஒன்று கேட்கும், அதை இன்னொரு பென்டிரைவில் வையுங்கள். எது வந்தது, எது வரவில்லை என்ற குறிப்பு அதில்தான். லைவ் யூஎஸ்பியின் உள்ளே வைத்தால் மின்சாரம் போனதும் அதுவும் போகும். இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பழைய டிஸ்கை லினக்ஸில் திறந்து பார்க்காதீர்கள், மவுன்ட் செய்யவே வேண்டாம்.

நல்ல டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி என்றால் 1 டிபி மூன்று மணிக்குள் முடியும். உங்களுடையது எவ்வளவு எடுக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு மின்விசிறி வையுங்கள், சூடாக வேண்டாம். 'டிக்' என்பது 'டடக் டடக்' என்று விடாமல் அடிக்க ஆரம்பித்தால் உடனே பவரை நிறுத்துங்கள். அது ஹெட் கெட்டதன் சத்தம். அப்புறம் தூசியில்லாத அறையில் டிஸ்கைத் திறக்கிற டேட்டா மீட்பு ஆட்கள்தான் கதி. தாத்தாவின் நோட்டு அந்தச் செலவுக்குத் தகுமா என்பது நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரவுப்பூனை:
(மூன்று நாள் கழித்து)
நோட்டு போல்டரை முதலில் எடுத்தேன். ஒரே ஒரு ஃபைலில் உறைந்தது, சொன்னபடி விட்டுவிட்டேன்.

டிடிரெஸ்க்யூ முதல் ஓட்டம் ஏழு மணி நேரம். தாண்டிப் போனது 40 எம்பி. பிறகு இரவு முழுக்கச் சுரண்டியது. காலையில் பார்த்தபோது மிச்சம் 212 கேபி மட்டும். இன்னும் மூன்று முறை முயற்சி செய்யச் சொன்னேன், அதற்குமேல் ஒரு பைட்கூட வரவில்லை. பழையதைக் கழற்றி வைத்துவிட்டேன். புதியதை விண்டோஸ் இப்போது வழக்கம் போல் திறக்கிறது. அந்த 212 கேபி எந்த ஃபைல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு படமாகத் திறந்து பார்க்க முடியாது, பதினெட்டாயிரம் படம்.

பின்னக்கணக்கு:
டிடிரெஸ்க்யூவில் நிரப்பும் முறை ஒன்று இருக்கிறது. மேப் ஃபைலைக் கொடுத்தால், புதிய டிஸ்கில் வராத இடங்களில் மட்டும் நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தையை எழுதி நிரப்பும். வேறு எந்த ஃபைலிலும் இருக்காத வார்த்தையாகக் கொடுங்கள், உங்கள் பூனைப் பெயரைத் தலைகீழாக எழுதினாற்போல. பிறகு எல்லா ஃபைலிலும் அந்த வார்த்தையைத் தேடுங்கள். அது அகப்படும் ஃபைல் அடிபட்டது, மற்றவை முழுசு. இது புதிய டிஸ்கில் மட்டும். அது முடிந்த பிறகு, உங்கள் அந்த ஆசை செக்டிஸ்கை இப்போது ஓட விடலாம்.

கேபிள்ராஜா:
இது எனக்கே தெரியாது. குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

இரவுப்பூனை:
தேடிவிட்டேன். நான்கு ஃபைல். இரண்டு, எப்போதோ இறக்கிய சாஃப்ட்வேர். ஒன்று மகள் முதல் முறை சைக்கிள் ஓட்டிய வீடியோ, திறக்கிறது, நடுவில் ஒரு நொடி பச்சைக் கட்டமாகச் சிதறி மறுபடி சரியாகிறது. நான்காவது தாத்தா நோட்டின் 41ஆம் பக்கம், அன்று உறைந்த அதே ஃபைல். மேல் பாதி இருக்கிறது, கீழ்ப் பாதி சாம்பல் நிறம்.

அசல் நோட்டு அத்தை வீட்டில் இருக்கிறது. போன் செய்தேன். 41ஆம் பக்கம் மட்டும் எதற்கு, வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ, அலமாரியில் இடம் அடைக்கிறது என்கிறார்.