பால் ஆலை கன்சென்ட் புதுப்பிப்பு: கழிவுநீர் அளவு தாண்டுகிறது

கேள்வி:
எங்கள் பால் ஆலைக்கு, தினம் 20,000 லிட்டர் பால், 50 கே.எல்.டி. (நாளுக்கு 50 கிலோலிட்டர், அதாவது 50,000 லிட்டர்) கழிவுநீர் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த கன்சென்ட் (இயங்குவதற்கான இசைவு ஆணை). இப்போது பால் 28,000 லிட்டர்; மீட்டர் 58 முதல் 62 வரை காட்டுகிறது. சுத்திகரித்த நீரில் பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிரிகள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) சில நாள் லிட்டருக்கு 140 மி.கி. கன்சென்ட் முடிய ஆறு மாதம் உள்ளது. புதுப்பிக்கும்போதே அளவைக் கூட்டிக் கேட்கலாமா?

பதில் 1:
புதுப்பிப்பு பழைய அளவுக்குத்தான் சார். 28,000க்கு விரிவாக்கமாக விண்ணப்பிக்க வேண்டும்: முதலில் நிறுவும் இசைவு (கன்சென்ட்), பிறகு இயக்கும் இசைவு. கிடைக்கும்வரை பாலை 20,000க்கு இறக்குங்கள். இப்போதைய விகிதப்படி கழிவுநீர் சுமார் 43 கே.எல்.டி.தான் வரும். கிலோலிட்டர் பாலுக்கு 3 கன மீட்டர் வரை மத்திய விதி ஒப்புகிறதே என்று வாதிட முடியாது. ஆணையில் 50 என்றிருந்தால் 51 மீறல்தான். புதுப்பிப்பு, விரிவாக்கம் ஆகிய இரண்டு விண்ணப்பங்களையும் கடைசி மாதத்துக்கு விடாமல் இப்போதே தொடங்குங்கள்.

பதில் 2:
பி.ஓ.டி. ஏன் ஏறுகிறது என்று முதலில் பாருங்கள். பால் ஆலைக்கு வரம்பு லிட்டருக்கு 100 மி.கி. ஒரு லிட்டர் முழுப்பால் சாக்கடையில் போனால் ஏறத்தாழ 100 கிராம் பி.ஓ.டி. திரும்பி வந்த பாக்கெட்டில் 100 லிட்டரைக் கொட்டினால் 10 கிலோ! அதைத் தனித் தொட்டியில் பிடித்து, சிறிது சிறிதாக விடுங்கள். சி.ஐ.பி. (கருவிகளைக் கழற்றாமல் உள்ளேயே கழுவும் முறை) காஸ்டிக் காரமும் நைட்ரிக் அமிலமும், கழிவுநீரைச் சேர்த்துச் சீராக்கும் சமன்தொட்டியில் கலக்காமல் நேரே காற்றூட்டும் தொட்டிக்குப் போனால், அங்கே கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துவிடும். கடைசி அலசல் நீரைச் சேமித்து அடுத்த சுற்றின் முதல் அலசலுக்கு எடுத்தால் நீரும் குறையும். காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்குக் கீழே இறங்கக் கூடாது. கொழுப்புப் பொறியில் (மிதக்கும் கொழுப்பைப் பிடிக்கும் தொட்டி) சேர்வதைத் தினமும் வழித்தெடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மீட்டர் இருக்கும் குழாய் பாதிதான் நிரம்புகிறது. அதனால் அளவு தவறாகுமா?

பதில் 3:
கட்டாயம் தவறாகும். மின்காந்த மீட்டர் குழாய் முழுக்க நிரம்பியிருப்பதாக வைத்துத்தான் கணக்கிடும். பாதிக் குழாயில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். உங்கள் 60ஐயே முதலில் சந்தேகியுங்கள். நீர் கீழிருந்து மேலேறும் செங்குத்துக் குழாயில் மாற்றுங்கள். முன்னால் குழாய் விட்டத்தைப்போல் 5 மடங்கு, பின்னால் 3 மடங்கு நேர்குழாய் வேண்டும். மாற்றிய தேதி, பழைய புதிய மீட்டர் எண், அளவுத் திருத்தச் சான்று மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் திடீரென்று குறைந்த எண்ணுக்கு விளக்கம் கேட்பார்கள். கழிவுநீரில் எண்ணெய்-கொழுப்பைச் சோதிக்கும் மாதிரியைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். பிளாஸ்டிக்கில் கொழுப்பு ஒட்டிக்கொள்ளும். செப்டம்பர் 30க்குள் படிவம் 5 என்ற ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிக்கை வாரியத்துக்குப் போக வேண்டும்; அதில் எழுதும் நீர் அளவு மீட்டர் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும்.