மறு: ‘காற்பின்னர் மதிப்பெண்’ – இரு சொல்லுக்கும் மறுப்பு

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் காற்பந்துச் சொற்பட்டியலில் ‘பாஸர் ரேட்டிங்’ (பந்தை எறிவதில் ஒருவரின் திறனைக் காட்டும் எண்) என்பதற்கு நேராகக் ‘காற்பின்னர் மதிப்பெண்’ என்று ஏறியிருப்பதைப் பார்த்தேன். இரண்டு சொற்களுமே ஒத்துவரவில்லை. குழுவில் எழுந்த கேள்விகளுக்கும் இடையிடையே பதில் சொல்கிறேன்.

முதல் சொல்லை விரைவாக முடித்துவிடலாம். அது குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து அணியின் ஆட்டத்தை நடத்துபவரைக் குறிக்க வந்தது. குவார்ட்டர் கால், பேக் பின் என்று பிரித்தது இலக்கணப்படி சரிதான். ஆனால் பந்தாட்டத்தில் ‘கால்’ என்றால் நான்கில் ஒரு பங்கு யாருக்கு நினைவு வரும்? அந்த ஆட்டக்காரரின் வேலையோ பெரும்பாலும் கையால். குவார்ட்டர்பேக் என்றே இருக்கட்டும். கிரிக்கெட்டில் விக்கெட்டை நாம் அப்படியே விட்டுவைக்கவில்லையா?

> மதிப்பெண் என்றால் பள்ளி மாணவருக்கும் புரியுமே, ஐயா.

தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. மதிப்பெண் என்றதும் நூற்றுக்கு எத்தனை என்று மனம் கேட்கும். இதன் உச்சமோ 158.3. அமெரிக்கத் தொழில்முறைக் காற்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல் 1973இல் இதை ஏற்றபோது, அக்காலத்துச் சராசரி ஆட்டத்துக்கு 66.7 வரும்படி வாய்பாட்டை அமைத்தார்கள். இன்று சராசரியே 90ஐ ஒட்டி நிற்கிறது. எறிந்த பந்து எல்லாம் தரையில் விழுந்து, எதிரணி ஒன்றைக்கூடப் பிடிக்காவிட்டால் 39.6 கிடைக்கும். நம் பள்ளிக் கணக்கில் அது தேர்ச்சி!

வாய்பாட்டில் நான்கே கூறுகள்: பிடிபட்ட (தன் அணியினர் பிடித்த) எறிவுகளின் விகிதம், எறிவுக்கு எத்தனை கெஜம், எறிவுக்கு எத்தனை டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது), எத்தனை இடைமறிப்பு (எதிரணி பிடித்துக்கொள்வது). ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக மாறும். அந்தப் புள்ளிக்கு 2.375 என்று உச்சவரம்பு. கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். வாய்பாட்டைப் பிரித்துப் பார்த்தால், பந்து பிடிபட்டாலே 20 கெஜத்துக்கு ஈடான பரிசு உண்டு. இருவர் தலா 30 முறை எறிவதாக வைத்துக்கொள்ளுங்கள். டச்டவுனும் இல்லை, இடைமறிப்பும் இல்லை. ஒருவர் 20 எறிவுகள் பிடிபட்டு 100 கெஜம் நகர்த்துகிறார். மற்றவர் 10 மட்டும் பிடிபட்டு 300 கெஜம் நகர்த்துகிறார். இருவருக்கும் 71.5! நான் கையால் போட்டுப் பார்த்தேன். நம்பாதவர்கள் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு கோளாறு இதைவிட மோசம். எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கைப் பிடித்துச் சாய்த்துவிட்டால் அணி எட்டுப் பத்து கெஜம் இழக்கும். அந்த இழப்பு இந்தக் கணக்கில் ஏறாது. சமயோசிதமாகப் பந்தை வெளியே எறிந்து கெஜத்தைக் காப்பாற்றினாலோ, பிடிபடாத எறிவு என்று எண் இறங்கும். அணிக்கு நல்லது செய்தவருக்குத் தண்டனை, சும்மா நின்று விழுந்தவருக்கு ஒன்றுமில்லை. பந்தோடு ஓடிக் கடந்த கெஜத்துக்கும், கை நழுவவிட்ட பந்துக்கும் இங்கே இடமே இல்லை.

இது எறிவுக்கான அளவீடு, குவார்ட்டர்பேக்கின் தலைமைத் திறனையோ ஆட்ட உத்தியையோ அளப்பதில்லை என்று என்எஃப்எல் தரப்பே சொல்லியிருக்கிறது. ஆனாலும் பேச்சில் ‘குவார்ட்டர்பேக் ரேட்டிங்’ என்றே நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் நேர்ந்த அந்தக் குழப்பத்தைத் தமிழிலும் ஏன் குடியேற்ற வேண்டும்? பெயரில் ஆளே வரவேண்டாம். என் முன்மொழிவு: எறிவுச் சுட்டெண்.

> ‘வீச்சுச் சுட்டெண்’ ஓசைக்கு இனிமையாக இருக்கிறதே?

இருக்கிறது, அம்மா. ஆனால் புள்ளியியல் பாடநூலில் வீச்சு என்பது மிகப்பெரிய எண்ணுக்கும் மிகச்சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். கிரிக்கெட்டில் பந்துவீச்சு வேறு. ஈட்டி எறிதலில் உள்ள ‘எறி’க்கு இந்தத் தொல்லை இல்லை.

மதிப்பெண்ணையும் வீணாக்க வேண்டாம். விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் 2011இல் கொண்டுவந்த ‘டோட்டல் க்யூபிஆர்’ 0 முதல் 100 வரை செல்வது. ஓட்டம், சாய்ப்பு, ஆட்டச் சூழல் எல்லாம் அதில் சேரும். அதற்குக் ‘குவார்ட்டர்பேக் மதிப்பெண்’ என்று வைக்கலாம்.

---

ஐயா, வணக்கம்.

எறிவுச் சுட்டெண்ணை ஏற்கிறேன். பட்டியலில் இன்றே மாற்றிவிடுகிறேன். காற்பின்னரை இழப்பதில் கொஞ்சம் வருத்தம்தான். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘சாய்ப்பு’ நன்றாக இருக்கிறது. குவார்ட்டர்பேக்கை அப்படிச் சாய்ப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘சாக்’ என்பதற்கு நேராக நேற்று ஒருவர் ‘சாக்கு’ என்றே ஏற்றியிருந்தார், அடைப்புக்குறிக்குள் ‘கோணி’ என்ற விளக்கத்தோடு. அதையும் சேர்த்தே நீக்குகிறேன்.